முகத்துவாரத்தில் ஒரு சேலை

பெனடிக்ட் பொய் சொல்கிறார்.

போன மாதம் லஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. சந்தன மாலை, சால்வை, மைக் எல்லாம் இருந்தன. கடைசியில் பேச எழுந்தவர், தம்முடைய வாலிப வயதில் அடையாறு முகத்துவாரத்தில் மூழ்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களை ஒற்றை ஆளாக இழுத்துக் கரை சேர்த்ததாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி நான். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொருத்தி பிலோமினா. பெனடிக்டின் சித்தப்பா மகள். அவள் இப்போது உயிரோடு இல்லை. அவளுடைய மகள் ஸ்டெல்லா என் பக்கத்தில் இருந்தாள். அவளும் கைதட்டினாள். தன் தாயைக் காப்பாற்றிய மாமா என்று நினைத்துத் தட்டினாள். இந்த வாரப் பத்திரிகைக்கு நான் வேறு ஒன்றை எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

கணுக்கால்கள்

முதலில் ஒரே ஒரு காட்சி.

நான் மணலில் குப்புறப் படுத்திருக்கிறேன். வாய் நிறைய மணல். இரண்டு கைகளிலும் பிலோமினாவின் இரண்டு கணுக்கால்களைப் பிடித்திருக்கிறேன். அவளும் எனக்கு முன்னால் குப்புறப் படுத்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் தண்ணீர். ஓடுகிற சத்தம் இல்லை அது, பெரிய அடுப்பு எரிகிற சத்தம் போல இருக்கிறது. என் முழங்கைக்குக் கீழே மணல் நகர்கிறது. நாங்கள் படுத்திருக்கிற தரையே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போகிறது.

"காலப் புடி. இன்னா ஆனாலும் உட்றாத" என்கிறாள் பிலோமினா.

நான் விடவில்லை. இது எனக்கு நேற்று நடந்ததைப் போலத் தெரியும். மைக்கில் பேசியவருக்குத்தான் மறந்துவிட்டது.

அங்கே நாங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லவேண்டும்.

சனிக்கிழமை மதியம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் நானும் பிலோமினாவும் டீச்சர்கள். சனிக்கிழமை அரை நாள்தான் பள்ளி. மற்ற டீச்சர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். நாங்கள் நடப்போம்.

மலை ஏறவும் காடு பார்க்கவும் எங்களுக்கு யார் விடுவார்கள்? எங்களிடம் இருந்தது சனிக்கிழமை மதியம் ஒன்றுதான். அதனால் மண்டைவெளிக்குப் பின்னால் இருந்த வயல்வெளியே எங்களுக்குக் காடு. கால்வாய்க்கரை எங்களுக்கு மலைப்பாதை. அங்கே ஒரு பாழுங்கிணறு. அதன் மேல் சாய்ந்த ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் சுரைக்குடுக்கை போலத் தொங்கும். அந்த மரத்தடியில் நாங்கள் வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு தரம் விறகுப் படகுக்காரர் ஒருவரிடம் கெஞ்சி, கால்வாயில் சிறிது தூரம் போனோம். இறங்கும்போது என் செருப்பு ஒன்று தண்ணீரில் போயிற்று. பிலோமினா தன்னுடையதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு வெறுங்காலில் நடந்தாள்.

எங்களுக்குச் சட்டம் ஒன்றுதான். வந்த வழியே திரும்பக் கூடாது. எவ்வளவு சுற்றினாலும் சரி, இன்னொரு வழி கண்டுபிடித்து வீடு போய்ச் சேரவேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டது பிலோமினா. போன வழியிலேயே திரும்பினால் அது கடைக்குப் போய் வருவதைப் போல என்பாள். அந்தச் சட்டத்தினால் எத்தனையோ வேலி தாண்டினோம், எத்தனையோ நாய்க்குப் பயந்து ஓடினோம், தோட்டக்காரர்களிடம் திட்டு வாங்கினோம். எதற்காகவும் நான் வருத்தப்பட்டதில்லை.

ஏரிக்குள் தெரு

மாம்பலத்து ஏரியை வடித்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இன்று பாண்டி பஜாரில் சேலை வாங்கப் போகிறவர்கள் நம்பமாட்டார்கள். ஒரு பக்கம் புது வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இன்னொரு பக்கம் ஏரிச் சேறு காய்ந்து, அப்பளம் வெடித்தது போலக் கிடக்கும். நடுவில் கல் நட்டுக் கயிறு கட்டி, இது தெரு என்பார்கள். அந்தத் தெருவில் கொக்கு நிற்கும்.

அங்கே ஒரு நாள் நான் காய்ந்த இடம் என்று நினைத்துக் கால் வைத்தேன். மேலே இருந்த பொருக்கு உடைந்து தொடை வரை சேற்றில் இறங்கிவிட்டேன். காலை ஆட்டினால் இன்னும் இறங்கியது. பிலோமினா ஓடி வரவில்லை. தூரத்திலேயே குப்புறப் படுத்து, பல்லி போல ஊர்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். நின்றுகொண்டு இழுத்தால் இரண்டு பேரும் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தாத்தா காலம் வரை சாந்தோம் கடற்கரையில் வலை இழுத்த குடும்பம். அப்பாதான் முதலில் ஆபீஸ் வேலைக்குப் போனவர்.

இடுப்பு வரை சேற்றோடு வீட்டுக்குப் போனேன். என் அம்மா பார்த்தாள். அதிகம் கத்தவில்லை. இனிமேல் ஆம்பளைத் துணை இல்லாமல் போகக் கூடாது என்று மட்டும் சொன்னாள். பிலோமினாவின் அப்பாவும் அதையே சொன்னார்.

துணைக்கு யார் என்று தேடினார்கள். பெனடிக்ட் கிடைத்தார்.

துணைக்கு வந்தவர்

அவர் அப்போது ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எங்களைவிட நான்கைந்து வயது மூத்தவர். பாலிஷ் போட்ட பூட்ஸ், கையில் குடை, சட்டைப்பையில் சங்கிலி வைத்த கடிகாரம். நடக்கத் தெரியாது, ஆனால் முன்னால் நடப்பார். வழி எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பிப் பார்ப்பார். நாங்கள் கை காட்டியதும், தாமே தீர்மானித்ததைப் போல அந்தப் பக்கம் திரும்புவார்.

முகத்துவாரத்துக்குப் போன அன்று, எங்கே போவது என்று சொல்வது என் முறை. அடையாறு பாலத்தைக் கடந்து தென்கரைக்குப் போய், சவுக்குத் தோப்பு வழியாக ஊரூர்க் குப்பத்துக் கடற்கரையைப் பார்க்கலாம் என்று சொன்னேன். போனோம். தாழம்புதரில் சேலை மாட்டியது. பொடி நண்டுகள் ஓடின. பெனடிக்டின் பூட்ஸுக்குள் மணல் புகுந்தது. ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் உட்கார்ந்து கழற்றி உதறினார்.

"இங்க இன்னாதான் இருக்குது பாக்கறதுக்கு?" என்றார்.

"ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம்ணே" என்றாள் பிலோமினா.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சிரித்தது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் எங்களிடம் எதையாவது ஜெயிக்கவேண்டும் என்று நடந்துகொண்டிருந்தார். அது தெரிந்தது.

மணல் மேடு

அடையாறு கடலில் சேருகிற இடத்தைப் பாலத்திலிருந்து மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கோடையில் கடல் மணலைத் தள்ளி ஆற்றின் வாயை மூடிவிடும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு மணல் மேடு விழுந்துவிடும். அதன் மேல் நடந்து அக்கரை போகலாம். நாங்களே போயிருக்கிறோம். மேற்கே மழை பெய்தால் ஆறு ஏறும். வாய் மூடியிருப்பதால் தண்ணீர் போக இடமில்லாமல் குப்பத்துக் குடிசைகளுக்குள் வரும். அப்போது குப்பத்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்து மணல் மேட்டில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். அவர்கள் வெட்டுவது கொஞ்சம்தான். மிச்சத்தை ஆறே வெட்டிக்கொள்ளும்.

அன்று எங்கள் தலைக்கு மேல் மழை இல்லை. மேற்கே முந்தின இரண்டு நாளாகப் பெய்திருந்தது.

வடக்கே நடந்தால் சாந்தோம், வீடு. எங்கள் சட்டப்படி பாலத்தின் வழியே திரும்பக் கூடாது. மணல் மேட்டில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். இடது பக்கம் ஆறு எங்கள் கால் மட்டத்துக்குத் தளும்பி நின்றது. வலது பக்கம் கடல் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தது. நடுவில் நாங்கள் நடக்கிற மணல். அவ்வளவு தண்ணீரை அந்த மணல்தான் பிடித்து வைத்திருந்தது.

மேட்டின் வடகோடியில், அக்கரைப் பக்கம், ஆட்கள் நிற்பது தெரிந்தது. கையில் மண்வெட்டிகள்.

பிலோமினா நின்றுவிட்டாள். "வெட்டிட்டாங்கடி" என்றாள் என்னிடம். பிறகு அண்ணனிடம், திரும்பிப் பாலத்தைச் சுற்றிப் போய்விடலாம் என்றாள்.

பெனடிக்ட் கடிகாரத்தைப் பார்த்தார். விளக்கு வைக்கும் முன் கொண்டுவந்து விடுவதாகச் சித்தப்பாவிடம் வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"வந்த வழியே திரும்பக் கூடாதுன்னு சட்டம் பேசுனீங்களே, டீச்சரம்மா. தண்ணியப் பாத்ததும் சட்டம் பூடுச்சா?"

"சட்டம் எங்களுது அண்ணே. நாங்க போட்டத நாங்க மீறிக்கிறோம். நீ திரும்பு."

அவர் திரும்பவில்லை. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வடக்கே நடந்தார். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாம் போய்விடுவோம் என்று நான் பிலோமினாவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"அவருக்கு நீச்சல் தெரியாதுடி. தனியா உட்டுட்டு வூட்ல போய் இன்னான்னு சொல்றது?"

எங்களுக்குத் துணையாக வந்தவருக்குத் துணையாக நாங்கள் பின்னால் ஓடினோம்.

சேலை

தூரத்திலிருந்து பார்த்தபோது அவர்கள் வெட்டிய வாய்க்கால் ஒரு தாண்டு அகலம்தான் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு மாட்டு வண்டி இறங்கும் அகலம். கரை பாளம் பாளமாக இடிந்து விழுந்தது. ஆற்றுத் தண்ணீர் காப்பி நிறத்தில் கடலைப் பார்த்து ஓடியது. அக்கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"முழங்கால் தண்ணி" என்று சொல்லிக்கொண்டே பெனடிக்ட் இறங்கினார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

முதல் அடியில் முழங்கால். இரண்டாவது அடியில் இடுப்பு. அதற்குள் அவர் இறங்கிய கரையே இடிந்து அவர் மேல் விழுந்தது. குடை போய்விட்டது. கடலில் அது கவிழ்ந்து சுற்றுவதைப் பார்த்தேன். அவர் மட்டும் போகாமல் நின்றதற்குக் காரணம் அந்தப் பூட்ஸ்தான். அடியில் இருந்த இளகின மணலில் இரண்டும் புதைந்துவிட்டன. தண்ணீர் அவரைக் கடல் பக்கமாக வளைத்தது, கால் வரவில்லை. மார்பு வரை தண்ணீர். கரையைப் பிடித்தார், கரை கைப்பிடி கைப்பிடியாக வந்தது. அவர் முகத்தில் நான் கண்டதை இங்கே எழுதப்போவதில்லை. அவ்வளவு மரியாதை இன்னும் மிச்சம் இருக்கிறது.

பிலோமினா கத்தவில்லை. தோளில் குத்தியிருந்த பின்னைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டாள். சேலையை உருவினாள். மொத்தச் சேலையையும். முறுக்கி, ஒரு நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு குப்புறப் படுத்தாள். மாம்பலத்துச் சேற்றில் படுத்த மாதிரியே படுத்தாள். நான் கால்களைப் பிடித்தேன்.

முதல் வீச்சு அவருக்கு எட்டவில்லை. இரண்டாவது வீச்சைப் பிடித்துக்கொண்டார்.

"பூட்ஸ உதறு அண்ணே. கால சுழட்டு" என்றாள்.

அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உதறவில்லை. நாங்கள் படுத்திருந்த மணல் இடிந்தது. பின்னால் ஊர்ந்தோம். மறுபடி இடிந்தது. என் தாடை மணலில் உரசி ரத்தம் வந்தது.

"பெனடிக்டு" என்றாள். அண்ணன் என்று சொல்லாமல் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். "நீ கால உதறலன்னா நாங்க ரெண்டு பேரும் உன்னோட வர்றோம். உட மாட்டேன். அத்த மட்டும் தெரிஞ்சிக்கோ."

அப்புறம்தான் உதறினார். ஒரு பூட்ஸ் கழன்றது, மற்றக் காலும் வந்துவிட்டது. இழுத்தோம். சேலைக்கரை கிழிகிற சத்தம் அந்த இரைச்சலிலும் கேட்டது. ஒரு காலில் பூட்ஸோடு, கரையில் வந்து வாந்தி எடுத்தார்.

பிலோமினா எழுந்து நின்றாள். மேலே ரவிக்கை, கீழே பாவாடை. முழுக்க ஈரம். அக்கரையில் மண்வெட்டியோடு பத்துப் பதினைந்து ஆண்கள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். ஆனால் அவசியமே இருக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவராகக் கடல் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவள் சேலையைப் பிழிந்து கட்டி முடிக்கும் வரை ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு பாலத்தைச் சுற்றித்தான் போனோம்.

வாசலில்

வழி முழுக்க பெனடிக்ட் ஒரு காலில் பூட்ஸோடு நொண்டிக்கொண்டே வந்தார். சாந்தோமில் அவர்கள் தெரு முனையில் நின்று, வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் சும்மா இருங்கள் என்றார். களைத்துப் போயிருந்தோம். சரி என்றோம்.

பிலோமினாவின் அப்பா வாசலில் நின்றிருந்தார். கிழிந்த சேலையைப் பார்த்தார். என்ன என்று கேட்டார்.

பெனடிக்ட் சொன்னார். பெண்கள் இரண்டு பேரும் சொன்ன பேச்சு கேட்காமல் ஆற்றில் விளையாட இறங்கினார்கள். பிலோ சேலையை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டு இறங்கினாள். தண்ணீர் இழுத்தது. தாம் குதித்து இரண்டு பேரையும் தூக்கினார். பூட்ஸும் குடையும் போயின.

நான் அங்கேயே, அந்த வாசலிலேயே, இது பொய் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். தாடையைக் காட்டினேன். "ரெண்டும் பேசி வச்சிக்கினு வந்துகீதுங்க" என்றார் அவள் அப்பா. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பிலோமினா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து மற்றப் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் கதை அந்த வாரத்துக்குள் தெருவெங்கும் போயிற்று, அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தது. ஆற்றங்கரையில் ஆண்கள் முன்னால் சேலையில்லாமல் நின்றவள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். நான் தலைமை டீச்சரிடம் சண்டை போட்டேன். என்னையும் நிறுத்துவதாகச் சொன்னார். நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிலோமினாவைத் தூத்துக்குடியில் வயதான ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

பல வருஷம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். வீட்டிலிருந்து கடல் இரண்டு தெரு தள்ளி. வா, நடந்துவிட்டு வரலாம் என்றேன். இந்த ஊர்க் கடலை இன்னும் பார்க்கவில்லை என்றாள். வீட்டுக்காரருக்குப் பிடிக்காதாம். வேலிகளைத் தாண்டிக் குதித்தவள் அவள்.

ஏன் உன் வாயால் சொல்லவே இல்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா யார்டி நம்பப் போறாங்க? அண்ணன் வாயால வரணும். வரும். கஷ்டப்பட்டு இழுத்தவடி நான், அவருக்குத் தெரியாதா?"

அவர் வாயால் வரவில்லை. அவள் போய்விட்டாள்.

மண்டபத்துப் படியில்

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நாளாகக் கேட்கவேண்டும் என்று இருந்ததாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அம்மா எதுக்கு ஆன்ட்டி சேலைய அவுத்துட்டு ஆத்துல எறங்குனாங்க? அப்பா சாகற வரைக்கும் அத்த சொல்லியே திட்டுவாரு. அம்மா பதிலே சொன்னதில்ல."

நான் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. மாமா ஏன் பொய் சொல்லப் போகிறார் என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. சொல்லவேண்டியவர் சாந்தோமில் சௌக்கியமாக இருக்கிறார்.

ஆகவே, திரு. பெனடிக்ட் அவர்களே, உங்களிடமே கேட்கிறேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவேண்டாம். ஆள் அனுப்பவேண்டாம். நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்கவேண்டும். இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு இடம் கொடுக்க ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். நான் எழுதியது பொய் என்றால் பொய் என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். உண்மை என்றால் அதையும் எழுதுங்கள், ஸ்டெல்லா படிக்கட்டும்.

கேள்வி ஒன்றுதான். அன்று தண்ணீரில் நின்றுகொண்டு நீங்கள் பிடித்திருந்தது யாருடைய சேலை?